காப்புக் கட்டிய கை

சுங்கைப் பட்டாணி
12.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிரேமா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் மூச்சும் பேச்சுமாக இருக்கிறேன். உங்கள் பக்கமும் அப்படியே இருக்கட்டும்.

என்ன இது, போன் இருக்கும்போது தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று பார்க்காதீர்கள். போனில் பேசினால் பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. "ஆமா", "சரி", "பாக்கலாம்" என்பதைத் தவிர உங்கள் வாயில் வேறு வருவதில்லை. கோயில் சமையல்காரரும் நீங்களும் ஒரே அறையில் படுத்தால் பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? அதனால் இனிமேல் இப்படி எழுதுவோம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாள் முழுக்கக் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வருகிற கை இப்படித்தான் கோணும்.

போன வெள்ளிக்கிழமை கோலா கெத்திலுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் நம் லயத்து வீடுகள் இருந்த இடம் முழுக்கச் செம்பனை மரம். கோயில் மட்டும் நிற்கிறது. லாரி ஓட்டுகிற குணாளன்தான் வேலை முடிந்து வந்து விளக்கேற்றுகிறான். மந்திரம் ஒன்றும் தெரியாது. "தாயே, இன்னிக்கு இவ்ளோதான் முடிஞ்சிச்சி" என்று சொல்லிவிட்டுச் சூடம் காட்டுகிறான். என்னைப் பார்த்ததும், "ரெண்டு வருசம்னு சொல்லிட்டு அமெரிக்கா போனாரு அண்ணன். அஞ்சு வருசமாவப் போவுதே அண்ணி" என்றான். நான் சிரித்து வைத்தேன்.

உங்கள் கோயில் வீடியோ ஒன்று பேஸ்புக்கில் வந்தது. ஒரு அம்மா உங்களை "குருக்கள் மாமா" என்று கூப்பிடுகிறார். நீங்களும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறீர்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் நீங்கள் இன்னும் முனியாண்டிப் பூசாரி மகன்தான், அது ஞாபகம் இருக்கட்டும்.

ஆடித் திருவிழாவுக்காவது வருவீர்களா? நேரில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எழுத நினைத்தேன். பொய்யாகிவிடுமோ என்று எழுதவில்லை.

உங்கள்
பிரேமாவதி


ஒஹாயோ
19.5.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன் கடிதத்தைக் கார் நிறுத்தும் இடத்தில் நின்று படித்தேன். இங்கே ஒருவன் தனியாக இருக்க வேண்டும் என்றால் அங்கேதான் நிற்க வேண்டும். எழுதுவது நல்ல யோசனை. எனக்கும் மனசு லேசானது.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. கோயிலுக்கு ஜூன் 23ஆம் தேதி கும்பாபிஷேகம் குறித்துவிட்டார்கள். நான் வந்தபோது இந்த இடத்தைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். கம்பளம் விற்ற கடை. முருகன் சன்னதிக்கு மேலே கூரையில் பழைய கடையின் விளக்குப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கூரையைப் பிரித்து விமானம் எழுப்பிவிட்டார்கள். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஏணி கிடையாது, தூக்கு மெஷின் வாடகைக்கு வருகிறது. யாகசாலைக் கூடாரம் கார் நிறுத்தும் இடத்தில்தான். தீயணைப்பு அதிகாரி வந்து, நெருப்பு எவ்வளவு உயரம் எரியும் என்று கேட்டார். எங்கள் கோயில் தலைவர் திவாகரன் கையை இடுப்பளவு காட்டினார். நான் தோளளவு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். கடைசியில் தீயணைப்பு வண்டி ஒன்று வாசலிலேயே நிற்கும் என்று முடிவாகிவிட்டது.

திவாகரன் நல்ல மனிதர். கம்ப்யூட்டர் வேலை. பினாங்கில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்து ஆள் என்று என்மேல் தனிப் பாசம். சனிக்கிழமையானால் எல்லாக் குடும்பமும் வந்துவிடும். பிள்ளைகள் ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதும், பெரியவர்கள் கீழே தோசை ஊற்றுவார்கள். எல்லார் பேரும் நட்சத்திரமும் எனக்கு மனப்பாடம். கேட்காமலே அர்ச்சனை செய்தால் அவர்கள் கண் கலங்கிவிடுகிறது.

உனக்கு ஒரு பெருமையான சேதி. பிரதான கும்பத்துக்கு எனக்குத்தான் காப்புக் கட்டப் போகிறார்கள். இந்தியாவிலிருந்து வருகிற பெரிய சிவாச்சாரியார் திவாகரனிடம் முதலில் கேட்டது, "அவருக்குப் பத்தினி இருக்கிறாளா?" என்பதுதான். உனக்குத் தெரியாததா? மனைவி உள்ளவன்தான் காப்புக் கட்டலாம், கருவறைக்குள் நிற்கலாம். என்னை இங்கே கூட்டிவந்த பக்கிரிசாமி ஐயாவை நினைத்துப் பார். சம்சாரம் தவறிய பிறகு அவரை உள்ளே விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரிக்கிறார். அவர் இடம்தான் எனக்குக் கிடைத்தது.

சங்கல்பத்துக்கு உன் பேர் கேட்டார்கள். பிரேமாவதி, சதயம் என்று சொன்னேன். யாகசாலையில் ஒவ்வொரு காலமும் உன் பேரை எல்லாரும் கேட்பார்கள்.

19ஆம் தேதி காப்பு. கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. இது நல்லபடியாக முடிந்தால் நிரந்தர விசாவுக்கு எழுதித் தருவதாகத் திவாகரன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்புறம் நீயும் இங்கே வந்துவிடலாம். ஆடிக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதே. அதென்ன நேரில் பேசுகிற விஷயம்? எழுது.

உன்
புவனேசன்


சுங்கைப் பட்டாணி
24.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன்.

மாசி மாதத்திலிருந்தே வலது மார்பில் ஒரு கட்டி. முதலில் கொசுக்கடி என்று நினைத்து எண்ணெய் தடவினேன். பிறகு வேலையில் கையைத் தூக்கினால் இழுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிரிஜெட் அக்கா இருக்கிறாரே, தேவாலயத்தில் பாடுவாரே, அவர் நான் துணி காயப்போடுகிற லட்சணத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். தன் காடியில் ஏற்றி, தானே ஓட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் 20 வியாழக்கிழமை ஆபரேஷன். அந்தப் பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டுமாம்.

கையெழுத்துப் போட வீட்டுக்காரர் எங்கே என்று நர்ஸ் கேட்டாள். அமெரிக்காவில் என்றேன். அப்படியா, பெரிய வேலையா என்று கேட்டாள். கோயிலில் என்றேன். அவள் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

மாமா, உங்களிடம் இதுவரை நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. போகிறேன் என்றபோது பெட்டி கட்டிக் கொடுத்தேன். பிள்ளை இல்லாத வீடு, நீங்களும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் காப்பைக் கட்டிக்கொள்ளாதீர்கள். கட்டாதவரை எந்த எல்லையும் உங்களைத் தடுக்காது. வேறு யாராவது கட்டட்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து நின்றால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
பிரேமாவதி


ஒஹாயோ
30.5.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

படித்தேன். சாயங்கால பூஜையில் வேல் மாறல் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. பக்கிரிசாமி ஐயா வெளியிலிருந்து அடி எடுத்துக்கொடுத்தார். மாசியிலிருந்து சொல்லாமல் இருந்திருக்கிறாயே, நான் அவ்வளவு வேற்று ஆளாகிவிட்டேனா?

உடனே திவாகரனிடம் போனேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே முகம் மாறி, "சீரியஸ் ஒண்ணும் இல்லையே சாமி? இந்தச் சமயத்துல வேற ஆளைத் தேட முடியாது, தெரியுந்தானே" என்றார். இல்லை, சாதாரணம்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் நிலைமையையும் கொஞ்சம் பார். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. இப்போது நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். காப்புக்கு வேறு ஆள் இல்லை. பக்கிரிசாமி ஐயாவுக்குத் தகுதி இல்லை, சின்ன அர்ச்சகருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவ்வளவு பேர் வருடக்கணக்காகக் காத்திருக்கிற நாள். டாக்டரிடம் கேட்டு ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா, பார். 23 முடிந்துவிட்டால் நான் எப்படியாவது கேட்டுப் பார்க்கிறேன்.

தினமும் முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்யும்போது உன்னைத்தான் நினைக்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நீ இல்லாவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தக் கருவறைக்குள் நிற்பேன்?

உன்
புவனேசன்


சுங்கைப் பட்டாணி
4.6.2024

மாமாவுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஏற்கெனவே தாமதமாக வந்திருக்கிறாய், இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றாள். யார் தள்ளிப்போடச் சொன்னது என்று பிரிஜெட் அக்கா கேட்டார். நான் போனைப் பைக்குள் போட்டேன். "அவரா? நம்பர் குடு லா, நான் ரெண்டு வார்த்தை கேக்குறேன். எந்தச் சாமி பொண்டாட்டிய விட்டுட்டு வரச் சொல்லிச்சாம்?" என்றார். நம்பர் கொடுக்கவில்லை. உங்கள் மானத்தை இன்னும் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடைசி வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நீங்கள் கும்பிடுவது எனக்காகவா, கருவறைக்காகவா? கோபத்தில் கேட்கவில்லை மாமா. கோபப்படுகிற தெம்புகூட இல்லை. தெரிந்துகொண்டால் நல்லது என்று கேட்கிறேன். நான் செத்தால் நீங்களும் பக்கிரிசாமி ஐயா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உரிக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது.

திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றால் விடாமல் போகட்டும். என் வேலை இருக்கிறது. தோட்டத்து அம்மன் இருக்கிறாள், உங்கள் அப்பா உட்கார்ந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே யாரும் குருக்கள் என்று கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான் நஷ்டம்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்னால் தாலியைக் கழற்ற வேண்டுமாம். மஞ்சள் கயிறுகூடக் கழுத்தில் இருக்கக் கூடாதாம். நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். கழற்றினால் கட்டினவர் கையால்தான் திரும்ப ஏற வேண்டும். நீங்களே வந்து கழற்றி, நீங்களே கட்டிவிடுங்கள். 19ஆம் தேதிக்கு முன்னால் விமானம் ஏறினால் எல்லாம் சரியாகும். இதற்குமேல் கேட்க எனக்குத் தெரியாது.

பிரேமாவதி


ஒஹாயோ
19.6.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு என்ன சொல்வது? எழுத உட்கார்ந்து எழுந்து போனதுதான் நடந்தது. படித்துவிட்டேன் என்று உன் போனில் நீலக் கோடு விழுந்திருக்கும். அதை நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்றும் தெரியும்.

இன்று காலை காப்புக் கட்டியாகிவிட்டது.

விமானச் சீட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன், அதை மட்டும் நம்பு. இருந்தது. வாங்கவில்லை. பெரிய சிவாச்சாரியார் மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றும்போது, "பத்தினி சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். அந்த நேரத்தில் உன் ஞாபகமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டும் உண்மை. இனி நானே நினைத்தாலும் இந்த ஊரைத் தாண்ட முடியாது.

நாளைக்கு உனக்கு ஆபரேஷன் நடக்கிற நேரம் இங்கே இன்று ராத்திரி, யாகம் நடக்கும். உன் பேரைச் சொல்லி ஆகுதி போடுவேன். பிரிஜெட் அக்கா உடன் இருப்பார் அல்லவா? தைரியமாக இரு.

உன்
புவனேசன்


சுங்கைப் பட்டாணி
14.7.2024

புவனேசன் அவர்களுக்கு,

போன மாதம் 24ஆம் தேதி போன் செய்தீர்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டதா என்று கேட்டீர்கள். முடிந்தது என்றேன். மண்டலாபிஷேகம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றீர்கள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. வலியில் நான் சரியாகப் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன்.

20ஆம் தேதி காலை பச்சை உடுப்பு மாட்டிவிட்டு, தாலியைக் கழற்றுங்கள் என்றார்கள். என் கை ஏறவில்லை. பிரிஜெட் அக்காதான் கழற்றினார். கழற்றும்போது அவர் தன் சாமியை ஏதோ கும்பிட்டார், என் அம்மனையும் கும்பிட்டார். நர்ஸ் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என் பேர் எழுதி ஒட்டி, அவர் கையில் கொடுத்தாள். கண் விழித்தபோது ஒரு பக்கம் இல்லை. பிரிஜெட் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பை அவர் மடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தப் பையைப் பிரித்து என் கழுத்தில் போட வந்தார். வேண்டாம் அக்கா, அவர் வந்து கட்டட்டும் என்று தடுத்துவிட்டேன். அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. காப்பு அவிழ்ந்துவிட்டது, இனி என்ன தடை என்று தினமும் போனைப் பார்த்தேன். உங்கள் கோயில் பேஸ்புக் பக்கத்தில் வீடியோதான் வந்துகொண்டிருந்தது. தூக்கு மெஷினில் நின்று கலசத்துக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். கீழே அவ்வளவு கூட்டம் அரோகரா சொல்கிறது. நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் ஒரு களை இருந்தது. தோட்டத்தில் அந்தக் களையை நான் பார்த்ததே இல்லை.

கட்டி அக்குள் கணுக்களிலும் பரவியிருக்கிறதாம். இனி மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும் என்றார்கள். எவ்வளவு நாள் தாங்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை குணாளனை லாரி எடுத்துவரச் சொல்லித் தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பையைப் பிரித்துத் தாலியை அம்மன் கழுத்தில் போட்டுவிட்டேன். குணாளன் பயந்துபோய், "அண்ணி, அண்ணன் உசுரோட இருக்காரு, இது தப்பு" என்றான். "உசுரோட இருக்கட்டும்டா. அதுக்குத்தான் அம்மன்கிட்ட குடுக்குறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். கோபம்தான். இவ்வளவு நாள் இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்களுக்குத் தெரியவேண்டியது இதுதான். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் உங்கள் மனைவி இல்லை. உங்கள் சாஸ்திரப்படி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பனி ஆரம்பித்தால் உங்களுக்கு மூச்சு இழுக்கும்.

பிரேமாவதி


ஒஹாயோ
11.8.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் பழையபடியே ஆரம்பித்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். கார் நிறுத்தும் இடத்தில் நின்றுதான். யாகசாலைக் கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள், தரையில் கரி மட்டும் கறுப்பாக இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கார்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. திவாகரனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் வியாதி, நான் சொன்ன பொய், தாலி, எல்லாவற்றையும்.

அவர் அறைக்குப் போனபோது சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நிரந்தர விசா மனு தயார், கையெழுத்துப் போடுங்கள் சாமி என்றார். மனைவி என்ற இடத்தில் உன் பேரை அவரே எழுதியிருந்தார். "அடுத்த வருசம் அக்காவக் கூட்டிக்கிட்டு வந்துடலாம். எங்க கோயிலுக்கு ஒரு மாமி வேணும் லா" என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் பக்கிரிசாமி ஐயா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவர் விசா முடிகிறது, ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னப்பா, வீட்டுல எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றார். நல்லா இருக்காங்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ கேட்டாயே, உனக்காகவா கருவறைக்காகவா என்று. பதில் சொல்லாமல் விட்டது தெரியாததால் அல்ல. ஆரம்பத்தில் உனக்காகத்தான் கும்பிட்டேன். எந்த நாளில் மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றோடு மண்டலாபிஷேகம் முடிந்தது. இப்போது வரலாமே என்று நீ கேட்கமாட்டாய். மனு கொடுத்திருப்பதால் வெளியே போகக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு உதவி. திவாகரனின் சித்தி உங்கள் தாமான் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறாராம். உன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். வந்தால் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள். கழுத்தைத் துண்டால் மூடிக்கொள். சீக்கிரம் அமெரிக்கா போகிறேன் என்று சொல்லிவிடு. இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்று காலையும் உள்ளே போனேன். சங்கல்பத்தில் பிரேமாவதி, சதயம் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டால் பக்கத்தில் நிற்கிற சின்ன அர்ச்சகர் திரும்பிப் பார்ப்பார்.

புவனேசன்